ரப்பர் தளிரின் தேன் யாருக்கு?

அன்புள்ள ஐயா,
மாசியில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மார்த்தாண்டத்துத் தேன்காரர் ஒருவர் பெட்டி வைக்கிறார். போகும்போது சில குப்பி தேன் தருவார். பூவும் தேனீயும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே தேனீ பூவை விட்டுத் தளிரில்தான் மொய்க்கிறது. ரப்பருக்கு இதில் என்ன லாபம்? பால் குறையும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர்.
வாசகர், அருமனை

அன்புள்ள நண்பருக்கு,

ரப்பருக்கு லாபம் இல்லை. நட்டமும் இல்லை.

வெளிர்பச்சையாக இருக்கும் தளிர் ஒன்றைப் பறித்துப் பாருங்கள். காம்பின் நுனியில், மூன்று இலைகளும் பிரியும் இடத்தில், சிறு மேடுகள் தெரியும். காலையில் அவற்றில் துளி மினுங்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றிக் கரும்பச்சையானதும் சுரப்பு நின்றுவிடும். தேனீ காம்பைக் கடிப்பதில்லை, கசிந்து நிற்பதை உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். பால் ஓடுவது பட்டைக்குள் இருக்கும் வேறு குழாய்களில். இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரம் தன் சேமிப்பை இலைக்குச் செலவழிக்கிறது, பால் எப்படியும் குறையும். பெட்டிகள் வந்திறங்குவதும் அதே மாதங்களில் என்பதால் பழி தேனீமேல் விழுகிறது.

காம்பில் தேன் வைப்பது ஆமணக்கிலும் உண்டு. பொதுவாக அது எறும்புக்கான கூலி. தேனுக்கு வரும் எறும்பு, இளம் இலையைத் தின்னும் புழுக்களையும் விரட்டும். நம்மூர்க் கொல்லாமரத்தில், அதாவது முந்திரியில், முசுறு எறும்பு இருந்தால் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசுவின் தொல்லை குறைவதைப் பார்த்திருப்பீர்கள். தேன்காரரோ எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறார்! ரப்பர் பூவின் மகரந்தச் சேர்க்கையைச் சிறு கொசு போன்ற பூச்சிகளும் இலைப்பேன்களும் பார்த்துக்கொள்கின்றன.

பாடப்புத்தகம் சொல்லும் கொடுக்கல் வாங்கல் உங்கள் தென்னையில் நடக்கிறது. நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்த பிறகே அதன் பெண் பூக்கள் தயாராகும். ஆகவே பெரும்பாலும் வேறு மரத்து மகரந்தம்தான் வர வேண்டும். தேனீக்கும் தென்னை வேண்டும். ரப்பர் தளிரில் கிடைப்பது இனிப்பு மட்டும், மகரந்தம் இல்லாமல் தேனீப் புழு வளராது. ரப்பர் நடுவில் மட்டும் பெட்டி வைத்தால் தேன் நிறையும், கூட்டம் மெலியும். ஆகவே தென்னையை ஒட்டிய ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பூசணி, பாகல் போட்டிருந்தால் இன்னும் நல்லது, ஆண் பூ பெண் பூ தனித்தனியாக இருக்கும் கொடிகள் அவை. மருந்தடிப்பது அவசியமானால் பூ மூடிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள்.

தளிரில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவுவதானால் தேன்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ராத்திரியே வாசலைக் கம்பிவலையால் அடைத்து, தூவி முடிந்ததும் திறந்துவிடுவார். வெயிலேறியும் அடைத்து வைத்தால் சூட்டில் கூட்டமே சாகும்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதைக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். நுரைத்துப் புளித்தால்தான் குறை. தேனடை அறைகளில் முக்கால்வாசி மெழுகு மூடுமுன் எடுத்திருப்பார், ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றிருக்கும். அடுத்த முறை குப்பி வாங்கும்போது இதைக் கேளுங்கள்.