கிலோமீட்டருக்குக் காசு கொடுத்தும் பஸ் நிறுத்தத்தில் நிற்காதது ஏன்?

பஸ் ஓட்டும் தனியார் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறீர்கள்; பஸ்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போவதால், டிக்கெட் வசூலை அப்படியே அந்த நிறுவனத்திடம் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முதலில் ஒப்பந்தத்தில் உள்ள அபராதப் பட்டியலைத் திருத்துங்கள்.

ஓடிய தூரத்துக்குத்தான் பணம், வசூல் முழுக்க உங்களுக்கு என்றால், நின்று ஆள் ஏற்றுவது அவர்களுக்கு வெறும் நேர இழப்பு. அதிலும் தாமதத்துக்கு மட்டும் அபராதம் போட்டிருந்தால், நிற்காமல் போகச் சொல்லி நீங்களே காசு கொடுப்பது மாதிரிதான்.

ஒரே ஒரு தடத்தை எடுத்து, ஒரு வார ஜிபிஎஸ் பதிவைப் பாருங்கள். கூட்டமான நிறுத்தத்தில் வேகம் பூஜ்யத்துக்கு வந்ததா? தாமதமாக ஓடிய நடைகளில்தான் அதிகம் தாண்டுகிறார்கள் என்றால், கால அட்டவணையே இறுக்கம். அபராதப் பட்டியலைத் திருத்துவதோடு அட்டவணையையும் தளர்த்த வேண்டும்.

வசூலைக் கையில் கொடுத்தால் நிற்பார்கள், சரி. அப்புறம் முன்னால் போகிற பஸ்ஸோடு போட்டி போட்டு ஓட்டுவார்கள், ராத்திரி நடை காணாமல் போகும். தூரக் கட்டணத்தோடு பயணிக்கு இவ்வளவு என்று சிறு ஊக்கத்தொகை சேர்ப்பது பரவாயில்லை.