ஏரிக்கரை நடுகல் போதுமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். உள்ளூர் வரலாற்றிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு வரலாற்று உணர்வு வரும் என்கிறார்கள். எங்கள் ஊரில் கோட்டையும் இல்லை, பெரிய கோயிலும் இல்லை. ஏரிக்கரையில் வேடியப்பன் என்று கும்பிடும் வீரன் கல், அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல், ஒன்று மட்டும் நிற்கிறது. அதை வைத்து என்ன செய்ய?
– ஓர் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

பதில்: தாராளமாகப் போதும். கோட்டை உள்ள ஊரில் பிள்ளைகள் ராஜா பெயரை ஒப்பித்துவிட்டு வந்துவிடுவார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதல் நாள் எதையும் விளக்காதீர்கள். சாய்வெயில் விழும் காலையில் கூட்டிப்போய், தெரிவதை வரையச் சொல்லுங்கள். கையில் வில்லா, வாளா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? மாடு செதுக்கியிருந்தால் ஒரு கேள்வி: இவர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தாரா, கவரப் போய்ச் செத்தாரா? இரண்டுக்கும் நடுகல் உண்டு. 'மீட்கத்தான் சார்' என்று ஒருவன் அடித்துச் சொல்வான். எதை வைத்துச் சொல்கிறாய் என்று விடாமல் கேளுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது, ஊர்ப் பெருமையில் இல்லை.

அப்புறம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் படத்தை வகுப்பில் காட்டுங்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல். வீரன் பெயர் கருந்தேவகத்தி. கூடவே கோவிவன் என்ற நாய். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் என்றதும் கடைசி பெஞ்சும் நிமிரும். சரி, இது எந்தக் காலம்? கல்லில் கி.பி. கிடையாது. 34 என்பது அரசன் பட்டமேறியதிலிருந்து எண்ணுவது. அதை 7ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

கல்லைக் கும்பிடும் குடும்பத்தாரிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். 'இது சாமி இல்லை, வெறும் வீரன்' என்று பிள்ளைகளை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். அது அநாவசிய வம்பு. பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு மூன்று கதை வரும். தீர்ப்பெல்லாம் வேண்டாம். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது என்று குறித்து எல்லாவற்றையும் எழுதட்டும்.

எண்ணெய்ப் பிசுக்கைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க மட்டும் விடாதீர்கள். எழுத்து தட்டுப்பட்டால் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.