போதகசமர்த்தருக்குப் பதில்

கேள்வி: நான் எழுதிய சிறுகதை ஒன்றை, ஆங்கில இலக்கியம் படித்த என் தங்கை மகனிடம் கொடுத்தேன். "டைடாக்டிக்காக இருக்கிறது மாமா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான். அகராதியில் பார்த்தால் 'நீதி புகட்டும் தன்மையுடைய' என்று இருக்கிறது. அப்படியானால் இது பாராட்டுதானே? நீதி புகட்டாத எழுத்தால் யாருக்கு என்ன பயன்? இன்றைய இளைஞர்கள் பெரியவர்களின் அனுபவத்தை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பாராட்டு அல்ல. மாமா மனம் நோகக் கூடாதே என்று பிள்ளை தேடிப் பிடித்த நாகரிகமான சொல் அது. தமிழில் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டது. கிரேக்கத்தில் 'டிடாஸ்கெய்ன்' என்றால் கற்பிப்பது. அதிலிருந்து பிறந்த 'டிடாக்டிகோஸ்' கற்பிப்பதில் வல்லவனைக் குறிக்கும். புதிய ஏற்பாட்டில், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், சபையின் கண்காணிப்பாளனுக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றாக இந்தச் சொல் வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் அதற்குக் கொடுத்த சொல் 'போதகசமர்த்தன்'. என்ன மிடுக்கான சொல்! உங்கள் மருமகன் அந்தப் பொருளில் சொல்லியிருந்தால் நீங்கள் அவனுக்கு விருந்து வைக்கலாம்.

ஜெர்மானியர்களிடம் இந்தச் சொல்லுக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. அங்கே 'டிடாக்டிக்' என்பது ஒரு பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று ஆராயும் துறை. ஆசிரியராக விரும்புகிறவர் அதைப் படித்தாக வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகளிலும் 'டைடாக்டிக் லெக்சர்' என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நோயாளியின் படுக்கையருகே நடக்காமல் வகுப்பறையில் ஆசிரியர் நின்று நடத்தும் பாடம், அவ்வளவுதான். மாணவர்கள் தூங்குவது வேறு விஷயம்.

நீதியை மட்டும்தான் போதிக்க வேண்டும் என்றும் இல்லை. லத்தீன் கவி வெர்ஜில் உழவையும், மரம் கொடி வளர்ப்பையும், கால்நடையையும், தேனீயையும் நான்கு பகுதிகளில் பாடினார். அந்தக் காவியமும் டைடாக்டிக் வகைதான். அவருக்கு முன்னோடி கிரேக்கக் கவி ஹெசியட். பாகப்பிரிவினையில் தன்னை ஏமாற்றிய தம்பி பெர்சீஸை நிற்கவைத்து, 'உழைத்துச் சாப்பிடு' என்று தொடங்கி எப்போது உழுவது, எப்போது அறுப்பது என்பதுவரை 800 வரிகளுக்கு மேல் சொல்கிறார். தம்பி கேட்டானா என்று தெரியவில்லை; நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவி தன் தொழில் ரகசியத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கும் வைத்தியர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதுபோல, தன் தத்துவத்தின்மேல் கவிதையைத் தடவியிருக்கிறாராம். நம்மவர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மருந்தின் பெயரையே நூலின் நெற்றியில் எழுதி ஒட்டினார்கள். பதினெண்கீழ்க்கணக்கின் 18 நூல்களில் 11 நீதி நூல்கள். ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றை 'டைடாக்டிக்' என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். அங்கே அது வெறும் முகவரி, ஏச்சு இல்லை.

ஏச்சாக மாறியது ஆங்கிலத்தில். 17ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய சொல், 19ஆம் நூற்றாண்டில், கற்பனையையும் உணர்ச்சியையும் கொண்டாடிய ரொமான்டிக் கவிஞர்களிடம் மாட்டிக்கொண்டது. போதனைக் கவிதை என்றாலே தனக்கு வெறுப்பு என்று 1820இல் ஒரு நாடகக் காவியத்தின் முன்னுரையில் எழுதினார் ஷெல்லி. அதே முன்னுரையில், உலகைச் சீர்திருத்தும் வேட்கை தனக்கு உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறார்! அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ இன்னும் கடுமை. நீதி சொல்வதே கவிதையின் இறுதி நோக்கம் என்ற எண்ணத்துக்கு, மதத் துரோகத்துக்கு வைக்கும் பெயரையே வைத்தார். அதற்குப் பிறகு மதிப்புரைகளில் இந்தச் சொல் எட்டிப் பார்த்தால், 'கதை கேட்க வந்தவனை வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள்' என்று பொருள்.

தமிழில் இதே கதி 'உபதேசம்' என்ற சொல்லுக்கு நேர்ந்தது. குருவைத் தேடிப்போய்ப் பணிந்து கேட்டு, காதோடு வாங்கிக்கொண்டால் அது மந்திரம். கேட்காதவனிடம் திண்ணையில் அமர்ந்து சொன்னால் 'ஊருக்குத்தான் உபதேசம்'. பிரசங்கம் மதிப்பான சொல்தான். 'அதிகப்பிரசங்கி' என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள். ஆகவே மதிப்புரையில் 'டைடாக்டிக்' என்பதைத் தமிழாக்க 'நீதி புகட்டும்' என்று எழுதினால் தப்பு. 'உபதேச நெடி அடிக்கிறது' என்பதே சரி.

குறள் நீதி சொல்லவில்லையா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். சொல்கிறது. ஆனால் 'வாய்மை எனப்படுவது யாதெனின்' என்று கேள்வியை எழுப்பி விடை சொன்ன கையோடு, அடுத்த குறளிலேயே குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார் வள்ளுவர். படிக்கிறவன் தலையை நிமிர்த்தி யோசிக்கிறான். உங்கள் கதையை நான் படிக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தேன். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு வந்தவர், இளைஞர்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். டைடாக்டிக் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

கதையை எங்களுக்கு அனுப்புங்கள். கடைசிப் பத்தியில் ஒரு தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்குகிறார் என்றால், அந்தப் பக்கத்தை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.