காற்றுக்குமிழியை வெளியே தள்ளாதீர்கள்: எனாக்ஸாபாரின் ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள

கேள்வி: எனக்கு 29 வயது, இப்போது ஐந்தாம் மாதம். ஏற்கெனவே மூன்று முறை கரு கலைந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாஸ்போலிபிட் பிரச்சினை (ரத்தம் எளிதில் உறைந்துவிடுகிற கோளாறு) என்று சொல்லி, ஆஸ்பிரின் மாத்திரையோடு, ரத்தம் உறைவதைக் குறைக்கிற எனாக்ஸாபாரின் 40 மி.கி. ஊசியும் தினம் ஒன்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில்தான் போட்டுக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் வந்தால் அலைச்சலாகிவிடுகிறது. மருந்து நிரப்பியே வருகிற சிரிஞ்ச்தானே, நானே போட்டுக்கொள்ளலாமா? வயிற்றில் குத்தினால் குழந்தைக்கு ஆபத்தில்லையா? உள்ளே ஒரு காற்றுக்குமிழி தெரிகிறது, அதை என்ன செய்வது? போட்ட இடமெல்லாம் நீலமாகிறது. நர்ஸ் இல்லாமல் போடவே கூடாது என்கிறார் மாமியார்.

பதில்:

தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நோயாளியே வீட்டில் போட்டுக்கொள்ள வசதியாகத்தான் இந்த மருந்தை அளந்து, ஊசியும் பொருத்தி, ஒரு வேளைக்கு ஒன்றாக அடைத்து விற்கிறார்கள். உங்களைப் போன்ற கர்ப்பிணிகள் பல ஊர்களில் மாதக்கணக்கில் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் உங்கள் மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று முறை நர்ஸ் பக்கத்தில் நிற்க, அவர் போடுவதை நீங்கள் பார்ப்பதோடு நிறுத்தாமல், உங்கள் கையாலேயே போட்டுக் காட்டுங்கள். அவர் 'சரி' என்ற பிறகு வீட்டில் தொடங்குங்கள். அந்த நேரத்தில் கணவரையும் மாமியாரையும் கூட அழைத்துப் போவது நல்லது, ஒருநாள் உங்களுக்குக் கை நடுங்கினால் போட்டுவிட இன்னொருவர் வேண்டுமே.

வார்டில் இந்த ஊசியைப் போடக் கற்றுக்கொடுத்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். இதில் தப்பு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை, மற்ற ஊசிகளைப் பார்த்துப் பழகியவர்கள். காற்றை வெளியே தள்ளுவது, போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது, பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் வேறு ஊசிகளுக்கு வேறு காலத்தில் ஏற்பட்ட பழக்கம். இந்த ஊசிக்கு மூன்றும் வேண்டாம்.

முதலில் குழந்தை விஷயம், ஏனென்றால் அந்தப் பயம் தீராமல் கை வராது. இந்த சிரிஞ்சில் இருக்கிற ஊசி அரை அங்குலம்தான், கிட்டத்தட்ட 12-13 மில்லிமீட்டர். சதையைக் கிள்ளிப் பிடித்து அதற்குள் இறக்குகிறோம், தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்போடு அது நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வயிற்றுத் தசை, அதற்கும் உள்ளேதான் கர்ப்பப்பை. குழந்தையைத் தொட வழியே இல்லை. மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்துக்குப் போவதில்லை, மூலக்கூறு அவ்வளவு பெரியது. ரத்தம் உறைவதைக் குறைக்கிற இன்னொரு மருந்தான வார்ஃபரின் மாத்திரை தாண்டிப் போகும் என்பதால்தான் கர்ப்பத்தில் பெரும்பாலும் அதைத் தவிர்த்து இந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது காற்றுக்குமிழி. அதை அப்படியே விட்டுவிடுங்கள், தட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சினிமாவில் டாக்டர் சிரிஞ்சை மேலே தூக்கிப் பிடித்து இரண்டு சொட்டு பீய்ச்சுவாரே, அதைப் பார்த்து வந்த பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. 40 மி.கி. சிரிஞ்சில் இருப்பது மொத்தமே 0.4 மி.லி. மருந்து, அதில் இரண்டு சொட்டு போனால் மருந்தில் ஒரு பங்கே போய்விடும். தவிர, அந்தக் குமிழிக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊசியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் காற்று மேலே, பிளஞ்சர் (விரலால் அழுத்துகிற தண்டு) பக்கம் ஒதுங்கும். அழுத்தும்போது மருந்து முன்னால் போக, காற்று கடைசியாக வந்து ஊசிக்குள் தங்கியிருக்கிற மிச்சத்தையும் தள்ளிவிடும், அதனால் அளவும் முழுசாகப் போகும், வெளியே கசிவதும் குறையும். காற்று ரத்தத்துக்குள் போய்விடுமே என்ற பயம் ரத்தக்குழாயில் நேரடியாகப் போடுகிற ஊசிக்குத்தான் பொருந்தும். இங்கே நாம் போடுவது கொழுப்பில், அந்தத் துளிக் காற்றை உடம்பு தானே உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கு மட்டும். 60 மி.கி. சிரிஞ்சில் 50 மட்டும் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது கூடுதல் மருந்தை அளவுக்கோடு வரை வெளியேற்றித்தான் ஆகவேண்டும், அதையும் ஊசி கீழே பார்த்தபடிதான் செய்வார்கள். உங்களுக்கு எழுதியிருப்பது முழு 40 என்பதால் இது தேவைப்படாது. பின்னால் எடை கூடி அளவை மாற்றினால், புது அளவை எப்படி எடுப்பது என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லிவிட்டு வாருங்கள்.

போடுகிற நேரம் தினமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்கும்போது '40 மி.கி./0.4 மி.லி.' என்று இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். மருந்துக் கடையில் வேறு கம்பெனி சரக்கைக் கொடுப்பது நம் ஊரில் சகஜம், எனாக்ஸாபாரின், அதே அளவு என்றால் பெரும்பாலும் பிரச்சினையில்லை, ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெறும் 'ஹெப்பாரின்' என்று குப்பியில் வருவது வேறு மருந்து, வேறு அளவு, அதை இதற்குப் பதிலாக வாங்கக் கூடாது. மருந்து தெளிவாக, நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருக்கும். கலங்கியோ தூசி மிதந்தோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாற்காலியில் சாய்ந்தோ கட்டிலில் படுத்தோ, வயிறு தெரிகிற மாதிரி வசதியாக இருங்கள், நின்றுகொண்டு போடாதீர்கள். இடம் எது? தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ., விட்டுவிட்டு வயிற்றின் இரண்டு பக்கவாட்டிலும். இன்று வலது என்றால் நாளை இடது. பாவாடை நாடா இறுக்குகிற கோடு, பழைய தழும்பு, ஏற்கெனவே நீலம் பாய்ந்த இடம், இவற்றை விட்டுவிடுங்கள். ஏழெட்டு மாதம் ஆகும்போது வயிறு இறுகி, கிள்ளினால் சதை வராது, அப்போது இன்னும் பக்கவாட்டில், இடுப்புப் பக்கமாகப் போங்கள், அங்கும் வசதிப்படாவிட்டால் தொடையின் மேல்பகுதியில் வெளிப்பக்கம் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பலருக்கு அனுமதிப்பார்கள். காலண்டரில் 'வ', 'இ' என்று நேரத்தோடு எழுதி வைத்தால் குழப்பமில்லை, அந்த நேரக் குறிப்பு பிரசவ சமயத்தில் மிகவும் உதவும், அதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் காயவிடுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். மூடியை நேராக இழுத்து எடுங்கள், திருகினால் ஊசி வளையலாம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சதையை ஒரு மடிப்பாகப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக, முழு நீளமும் உள்ளே போகும்படி இறக்குங்கள். பயந்து பயந்து பாதி இறக்கினால்தான் வலிக்கும், மருந்தும் தோலிலேயே தங்கிக் கன்றும். பிளஞ்சரை மெதுவாக, பத்து முதல் முப்பது விநாடி எடுத்துக்கொண்டு கடைசிவரை அழுத்துங்கள். குத்துவதைவிட மருந்து உள்ளே போகும்போதுதான் காந்தும், அது எல்லோருக்கும் உள்ளதுதான், நீங்கள் தப்பாகப் போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊசியை நேராக வெளியே எடுத்த பிறகே மடிப்பை விடுங்கள், முன்னால் விடாதீர்கள்.

ஊசியை எடுத்த பிறகும் பல சிரிஞ்சுகளில் ஒரு வேலை பாக்கி இருக்கும். ஊசி முனையை உங்களையும் மற்றவர்களையும் பார்க்காமல் திருப்பிக்கொண்டு பிளஞ்சரை இன்னொரு முறை பலமாக அழுத்தினால் 'டக்' என்று ஒரு உறை வந்து ஊசியை மூடிக்கொள்ளும். இதை உடம்புக்குள் ஊசி இருக்கும்போதே செய்துவிடாதீர்கள். எல்லாக் கம்பெனி சிரிஞ்சிலும் இந்த உறை இருக்காது, இல்லாவிட்டால் கழற்றிய மூடியை மறுபடி மாட்ட முயற்சிக்காமல் நேராகக் கழிவு டப்பாவில் போட்டுவிடுங்கள், விரலில் குத்திக்கொள்வது பெரும்பாலும் மூடியை மாட்டப் போய்த்தான்.

நீலமாவது பற்றி. இது ரத்தம் உறைவதைக் குறைக்கிற மருந்து, ஊசி போன வழியில் ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்தாலும் கொஞ்சம் கசிந்து தோலடியில் பரவும். காசளவு நீலம், சிறு கட்டி, இரண்டும் சாதாரணம், பச்சை மஞ்சளாகி மறைந்துவிடும். அதை அதிகமாக்குவது பெரும்பாலும் நாமே: எடுத்த கையோடு பஞ்சை வைத்துத் தேய்ப்பது. தேய்க்கவே கூடாது, பஞ்சை வைத்து ஓரிரு நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடித்தால் போதும். கிளினிக்கில் தேய்த்துவிட்டால் 'தேய்க்காதீங்க சிஸ்டர்' என்று சொல்லத் தயங்காதீர்கள். குத்துவதற்கு முன் துணியில் சுற்றிய ஐஸை ஓரிரு நிமிடம் வைப்பதும் சிலருக்கு வலியைக் குறைக்கிறது. ஆனால் நீலம் நாளுக்கு நாள் உள்ளங்கை அளவுக்குப் பெருகுகிறது, கட்டி சூடாகச் சிவந்து வலிக்கிறது, தோல் கறுத்துப்போகிறது என்றால் அது வேறு விஷயம், காட்டிவிடுங்கள்.

இந்த மருந்தை 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்வார்கள், சித்திரை வைகாசியில் நம் வீடுகளில் அது லேசான காரியமா? ஏசி அறை இருந்தால் அங்குள்ள அலமாரி. இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக் குவிக்காமல் வாராவாரம் வாங்குங்கள், அடுப்படி, ஜன்னல், பைக்கின் பெட்டி இங்கெல்லாம் வைக்காதீர்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்துபோன மருந்தைப் போடக் கூடாது. இன்சுலினோடு இதைக் குழப்பிக்கொண்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒருநாள் மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். இரண்டை ஒரே நாளில் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

இடுப்பு வலி, பல் வலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைதான் எனக்கு ஊசியைவிடக் கவலை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இவையெல்லாம் கர்ப்பத்துக்கும் ஆகாது, இந்த ஊசியோடு சேர்ந்தால் ரத்தக்கசிவும் கூடும். பாராசிட்டமால் மட்டும் போதும். உங்களுக்கு எழுதிய ஆஸ்பிரின் குறைந்த அளவில் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்கள், அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கான டி.டி. தடுப்பூசி தசையில் போடுவது, அதற்குப் போகும்போது 'ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், போட்ட பின் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். பல் பிடுங்கப் போனாலும் இதே வார்த்தை. பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள்) பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தால் தட்டிக்கழிக்காதீர்கள், அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்தால் பிளேட்லெட் குறையும், அது வெளியே தெரியாது.

உதிரப்போக்கு, கறுப்பு நிறத்தில் மலம், சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், திடீரென்று தாங்க முடியாத தலைவலி, கீழே விழுந்து தலையிலோ வயிற்றிலோ அடி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108.

போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பைக் கவரில் போடாதீர்கள், கையுறைகூட இல்லாமல் அதைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது குத்தும். மெல்லிசான தண்ணீர் பாட்டில் உதவாது, துணி துவைக்கும் லிக்விடோ பினாயிலோ வருகிற கெட்டியான, திருகுமூடி உள்ள டப்பா நல்லது, மேலே 'ஊசி' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடியை டேப் போட்டு ஒட்டி, நீங்கள் பரிசோதனைக்குப் போகிற மருத்துவமனையிலேயே வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள், அங்கே கூர்மையான கழிவுக்கென்று தனி ஏற்பாடு இருக்கும். வீட்டில் பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் அபாயகரமான வீட்டுக் கழிவாகப் பிரித்துத் தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன.

அந்த நேரக் குறிப்பு எதற்கு என்றால், பிரசவத்துக்கு. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய, 40 மி.கி. போன்ற தடுப்பு அளவு என்றால் கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமாவது, அதிக அளவில் சிகிச்சைக்காகப் போடுகிறவர்களுக்கு 24 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு என்பதால் மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்பதே 'கடைசியாக எப்போது போட்டீர்கள்' என்றுதான். அதனால் வலி ஆரம்பித்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அன்றைய ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள், குறிப்பையும் மீதி சிரிஞ்சுகளையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். சிசேரியனுக்கு நாள் குறித்திருந்தால் எந்த வேளையோடு நிறுத்துவது என்று எழுதியே வாங்கிவிடுங்கள். பிரசவத்துக்குப் பின்னும் பலருக்கு ஆறு வாரம் வரை இதைத் தொடரச் சொல்வார்கள், தாய்ப்பாலுக்குத் தடையில்லை. சிசேரியன் ஆகியிருந்தால் தையலுக்கும் கட்டுக்கும் தள்ளி, பக்கவாட்டில் மேலேயோ தொடையிலோ போடுங்கள், அந்த வாரங்களில் குனிந்து பார்க்கவே சிரமமாக இருக்கும் என்பதால் போடுகிற வேலையைக் கணவரிடம் விட்டுவிடலாம்.