சுளகும் சொல்லும்

கேள்வி: என் மாமி எதற்கெடுத்தாலும் பழமொழி சொல்கிறார். கறி உறைத்தால் ஒன்று, பிள்ளை விழுந்தால் ஒன்று. எனக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. போன கிழமையும் வழக்கம்போல அவரே அரிசி புடைத்தார். அப்போது, 'ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம்' என்று என் காதுபடச் சொன்னார். இந்தக் குத்தலை எப்படி நிறுத்துவது?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, பழமொழி கிடக்கட்டும். 'வழக்கம்போல அவரே' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். மாசியில் காலபோக நெல் வீட்டுக்கு வந்ததிலிருந்து, குற்றி வந்த அரிசி முழுவதையும் புடைத்தது யார்? அந்தத் தூசு மாமிக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் சுளகைக் கையில் எடுத்ததே இல்லைப் போலிருக்கிறது. எடுத்திருந்தால் மாமியின் பேச்சு விளங்கியிருக்கும். எறிந்து புடைத்தால் உமி முன்னால் பறந்துபோகும். நல்லரிசி மடிப்பக்கமாகத் திரும்பி விழும். பக்கவாட்டில் ஆட்டிக் கொழித்தால் குறுணலும் கல்லும் ஒதுங்கும். பழமொழியும் அப்படித்தான், எத்தனையோ தலைமுறை எறிந்து எறிந்து பிடித்த சொல். அதற்காக எல்லாமே அரிசி என்று சொல்லமாட்டேன். 'பெண்புத்தி பின்புத்தி' சுத்தப் பதர், ஊதித் தள்ளுங்கள். முற்றம் கோணல் என்றது பதரா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

நன்னூலில் பவணந்தி முனிவர் கடைமாணாக்கருக்கு நெய்யரியை உவமை சொல்கிறார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் சாமான் அது. நம் ஊரில் கள்ளு வடிக்கும் பன்னாடையும் அதே இனம்தான். நீங்களும் மாமி சொன்னதில் குத்தலை மட்டும் பிடித்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

வீட்டில் அதிகாரம் உள்ளவள் 'இங்கே வா, இதைப் பிடி' என்று நேரே சொல்வாள். மகன் வீட்டில் ஒதுங்கி இருக்கிற முதியவர் பழமொழியில்தான் கேட்பார். உங்கள் மாமி கைக்கு ஆள் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். மாமியார் என்றால் எதையும் பொறுத்துப்போ என்கிற கட்சி இல்லை நான். ஆனால் நீங்கள் உண்கிற சோற்றில் கல் பொறுக்கிய கைக்கு மூப்பு வந்துவிட்டால், அந்த வேலை இளையவர்களின் கடன். உங்கள் கணவருக்கும் இரண்டு கை உண்டுதானே? கடிதத்தில் அவர் தலையே தெரியவில்லை.

நாளைக் காலை மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் குந்துங்கள். முதல் நாள் பாதி அரிசி நிலத்தில் கொட்டும். அதற்கும் அவர் ஒரு பழமொழி வைத்திருப்பார். கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.