கிடாவா, பெட்டையா?

கேள்வி: அலாஸ்கா மலை ஆடுகளில் ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டாமே. வேட்டைக்காரர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: கொம்பின் அடியைப் பார்ப்பார்கள். கிடாவுக்கு அடி தடித்து, கொம்பு சீராக வளையும். பெட்டைக்கு மெலிந்து, நுனியருகே சட்டென்று மடியும். ஒருமுறை வழிகாட்டியுடன் பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் பார்த்தேன். தனியாகப் படுத்திருந்த ஆடு; கிடா என்றே நினைத்தேன். எழுந்தது, பின்னங்கால்களை மடக்கிக் குந்திச் சிறுநீர் கழித்தது. பெட்டை! கிடா உடம்பை முன்னே நீட்டி நின்றபடிதான் போகும். துப்பாக்கியை இறக்கிவிட்டோம். பெட்டை முதல் குட்டி போடவே பெரும்பாலும் 4, 5 வயதாகிவிடும். ஒன்று போனாலும் மந்தைக்குப் பெரிய இழப்பு. அப்புறம், கிடாவே ஆனாலும் செங்குத்து விளிம்பில் நின்றால் சுடக் கூடாது. பள்ளத்தில் உருண்டுவிட்டால் இறைச்சி வீண்.