Re: இங்கிலாந்துல டட்லி ரென்ஸ் நெஸ்ட் போறோம், பையனுக்கு ட்ரைலோபைட் கிடைக்குமா, சுத்தியல் எடுத்துட்டு போகலாமா?

சுத்தியல் வேண்டாங்க, அங்க பாறைய உடைக்க விடமாட்டாங்க, 1956லேயே புவியியலுக்காக தேசிய இயற்கைக் காப்பகமா அறிவிச்ச இடம் அது. இரும்பு உலைக்காக சுண்ணாம்புக்கல் வெட்டின பழைய குவாரிங்கறதால உள்ள இருந்த அடுக்கெல்லாம் வெளியவே தெரியும், சரிவுல உதிர்ந்து கிடக்கிற சல்லிய பொறுமையா பாத்தாலே போதும். முழு ட்ரைலோபைட் (எப்பவோ அழிஞ்சுபோன, ஓடுள்ள கடல் உயிரினத்தோட புதைபடிவம்) கிடைக்கிறது அபூர்வம், பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஆனா சட்டை பட்டன் மாதிரி வட்டமா நடுவுல ஓட்டையோட சின்னச் சின்னத் துண்டு நிறைய கிடைக்கும், அது கடல் அல்லியோட தண்டு, பேர்தான் பூ மாதிரி, உண்மையில அது ஒரு கடல் விலங்கு. அப்புறம் அங்க ரிப்பிள் பெட்ஸ்னு சொல்ற பாறை அடுக்க மட்டும் விட்றாதீங்க, சுமார் 43 கோடி வருஷத்துக்கு முந்தின வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலோட அலைத்தடம் அப்படியே கல்லாகி, பின்னாடி நிலம் மடிஞ்சதுல நல்லா சாஞ்ச சுவர் மாதிரி நிக்குது, சாயங்கால வெயில் சாய்வா விழுந்தா ஒவ்வொரு வரியும் தனித்தனியா தெரியும்.